கன்னடியன் கால்வாயில் கிடைத்தது லாம்ப்ரேயா?

இல்லை, தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயில் உங்களுக்குக் கிடைத்த மீன் லாம்ப்ரே இல்லை. தாமிரபரணி மட்டுமல்ல, இந்தியாவின் எந்த ஆற்றிலும் லாம்ப்ரே கிடையாது. அது பாம்பு போல் நீண்ட, தாடையில்லாத மீன்; குளிர்ப் பகுதிகளில் வாழ்வது. தாடையில்லாத இன்னொரு வகையான ஹாக்மீன் கடலை விட்டு வராது.

சேரன்மகாதேவி பக்கம் கால்வாயில் சிக்கியது, பாம்பு மாதிரி, வழவழவென்று, செதிலே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் விலாங்குதான். அதற்கும் செதில் உண்டு. சின்னதாகத் தோலுக்குள் புதைந்திருப்பதால் கையில் தட்டுப்படாது. குழப்பம் அங்கேதான் வந்திருக்கும்.

மீன் இன்னும் கையில் இருந்தால் வாயைத் திறந்து பாருங்கள். கீழ்த்தாடை தனியாக அசைந்தால் அது லாம்ப்ரே இல்லை, சந்தேகமே வேண்டாம். லாம்ப்ரேயின் வாய் வட்டமான உறிஞ்சி. மூடித் திறக்கத் தாடை இருக்காது. அப்புறம் தலைக்குப் பின்னால் பாருங்கள். லாம்ப்ரேக்குப் பக்கத்துக்கு 7 செவுள் துளைகள், நாதஸ்வரத்துத் துளைகள் போல வரிசையாக இருக்கும். விலாங்குக்குப் பக்கத்துக்கு ஒரே பிளவுதான்.

பக்கத் துடுப்பு இல்லை என்பதை மட்டும் வைத்து லாம்ப்ரே என்று முடிவு செய்துவிடாதீர்கள். சேற்றில் வாழும் சில விலாங்கு போன்ற மீன்களுக்கும் அது இருக்காது, ஆனால் தாடை உண்டு. முதுகில் முள் வரிசை குத்தினால் அது ஆரல்.