சென்னைத் தெருக்கடைகள்: போக முன்னம் கேளுங்கள்

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் சின்னதாக ஒரு பான்சிக் கடை வைத்திருக்கிறேன். சாமான் எடுக்க வருடத்தில் இரண்டு மூன்று தரம் சென்னை போய் வருவேன். கேளுங்கள், பட்டறிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, பலாலி விமான நிலையத்தால் சென்னைக்கு முதல் தரம் போகிறோம். இரண்டே நாள்தான். எங்கே தங்கினால் வசதி?

எழும்பூர். சென்னை விமான நிலையத்துக்கு எதிரேயே திரிசூலம் ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே கடற்கரை ஸ்டேஷனுக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறினால் மாம்பலத்தில் ரங்கநாதன் தெரு, பிறகு எழும்பூர், கடைசி ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால் பர்மா பஜார். உங்களுக்கு வேண்டியது பாதிக்கு மேல் இந்த ஒரே பாதையில் வந்துவிடும், ஓட்டோவுக்குக் கொட்டத் தேவையில்லை. மாம்பலத்தில் இறங்கியதும் சனத்தைப் பார்த்துப் பயந்தால், 2023இல் திறந்த ஆகாய நடைபாதை இருக்கிறது, அதில் ஏறித் தி. நகர் பஸ் நிலையப் பக்கம் போய் அங்கிருந்து ஆறுதலாகத் தெருவுக்குள் வரலாம்.

எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்? எனக்கு விலை பேச வெட்கம்.

வெட்கத்தை விட எங்கட ஆட்களுக்கு வேறொரு வியாதி இருக்கிறது. அவன் 300 என்றதும் மனதுக்குள் எங்கட காசுக்கு மாற்றிக் கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், "யாழ்ப்பாணத்தில் இது இதைவிடக் கூடத்தானே" என்று தாங்களே சமாதானமாகிக் கேட்ட காசைக் கொடுத்துவிடுவார்கள். பேரம் முடியுமட்டும் கணக்கு வேண்டாம். அந்தத் தெருவில் பத்துக் கடை தள்ளி அதே சாமான் என்ன விலை என்பதுதான் கணக்கு. நான் 300 என்றால் 150இல் தொடங்குவேன், 200க்கு முடிந்தால் எடுப்பேன். முடியாவிட்டால் நடப்பேன், பின்னால் கூப்பிடுவார்கள், கூப்பிடாவிட்டால் அதுதான் உண்மையான விலை, திரும்பிப் போய் வாங்குவதில் ஒரு மானக்கேடும் இல்லை. காலையில் முதல் வியாபாரத்தைப் "போணி" என்பார்கள். அந்த நேரம் நன்றாக இறங்கி வருவார்கள், ஆனால் விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனால் கோபிப்பார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது.

நாங்கள் கதைப்பது அவர்களுக்கு விளங்குமா?

விளங்கும், கேரளாவா என்று கேட்பார்கள். சொற்களில்தான் சிக்கல். பஞ்சாபி என்று கேட்காதீர்கள், சுடிதார் என்று கேளுங்கள். சாரம் அங்கே கைலி அல்லது லுங்கி. காப்பு என்றால் தடித்த ஒற்றை வளையத்தை எடுத்து நீட்டுவார்கள், நமக்கு வேண்டியது வளையல்.

கலியாணத்துக்குச் சீலை தெருவில் எடுக்கலாமா?

கூறைச் சீலையா? வேண்டாம், கடைக்குப் போங்கள். தெருவில் ஊசி, கிளிப், கைக்குட்டை, நைட்டி, கவரிங் தோடு, இவ்வளவுதான். ஒரு தரம் சிவப்பு ரிப்பன் கட்டுக்கட்டாக மலிவாகக் கிடைத்தது என்று அள்ளிக்கொண்டு வந்தேன், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையெல்லாம் சாயம். தாய்மார் வரிசையாக வந்து நின்றார்கள். அன்றிலிருந்து எதையும் ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்க்காமல் எடுப்பதில்லை.

மொத்தமாகத் துணி வேண்டுமென்றால் சவுகார்பேட்டைப் பக்கம் கோடவுன் தெரு. மெட்ரோவில் போய் ஹைகோர்ட்டில் இறங்கலாம். ஞாயிறில் மொத்தக் கடைகள் பெரும்பாலும் பூட்டு.

கார்டு போதுமா, காசு கொண்டுபோக வேண்டுமா?

காசு. தள்ளுவண்டியிலும் கியூஆர் ஒட்டியிருக்கிறார்கள்தான், ஆனால் அது பெரும்பாலும் இந்திய வங்கிக் கணக்குக்காரருக்கு. 100, 200 தாள்களாக மாற்றிக்கொள்ளுங்கள். முந்தின பயணத்தில் மிஞ்சிய 2000 ரூபாய்த் தாள் இருந்தால் தெருவில் நீட்டாதீர்கள், 2023இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

தம்பி போன் சாமான் பர்மா பஜாரில் வாங்கச் சொல்கிறான்.

பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழருக்காக 1969இல் உண்டான கடைவீதி அது. உறை, சார்ஜர் வயர் வாங்கலாம். விலை கூடியது எதுவும் அங்கே வேண்டாம், உத்தரவாதம் என்று யாரிடம் போய் நிற்பீர்கள்?

மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் இன்னும் கிடைக்குமா, பிள்ளை? 70களில் போயிருக்கிறேன்.

ஐயா, நீங்கள் பார்த்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985 மே மாதக் கடைசியில் எரிந்துபோனது. எங்கட யாழ்ப்பாண நூலகம் எரிந்து நாலு வருடத்தில், அதே நாட்களில். இப்போது சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்துக்குள் புத்தகக் கடைகள் இருக்கின்றன. ஒரு முழுக் காலைப்பொழுது வைத்துக்கொண்டு போங்கள், புத்தகத்தின் பாரத்தையும் யோசியுங்கள், திரும்பி வரும் விமானம் சின்னது.

அம்மாவுக்கு நைட்டி எடுக்க வேண்டும், அளவு தெரியாது.

அவர் உடுக்கிற நைட்டி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போய் மேலே வைத்து அளந்து பாருங்கள். அங்கே எக்ஸ்எல் என்று எழுதியிருப்பதை நம்பி நான் வாங்கியது இப்போது கடையில் தூசி தட்டுகிறது.