கைகொடுக்கும் முன் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: காரைக்குடியிலுள்ள எங்கள் சபையில், அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்ட கணக்கில் பணம் குறைவதாக மூத்த உறுப்பினர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார். அன்றிலிருந்து பொருளாளர் குடும்பத்தார் திருவிருந்துக்கு வருவதில்லை. இருவரையும் ஆராதனையில் முன்னே அழைத்துக் கைகொடுக்கச் செய்யலாம் என்கிறார் ஆயர். செயலாளராகிய நான் என்ன செய்வது?

பதில்: அதை இப்போதைக்குத் தள்ளிவைக்கும்படி ஆயரிடம் பணிவாகச் சொல்லுங்கள். கணக்கு தீராமல் நடக்கும் சமாதானம், பொருளாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவோ கேட்டவரின் வாய் அடைக்கப்பட்டதாகவோதான் சபையாருக்குப் படும்.

ஏல நோட்டையும் ரசீதுப் புத்தகத்தையும் அருகருகே வைத்துப் பெயர் பெயராகச் சரிபாருங்கள். பண்டிகை உற்சாகத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்குக் கேட்டு எடுத்துவிட்டு, ‘அடுத்த ஞாயிறு தருகிறேன்’ என்று போனவர்களின் பாக்கி வசூலாகாமல் கிடந்தால், நோட்டிலுள்ள தொகைக்கும் கையிலுள்ள தொகைக்கும் வித்தியாசம் வரவே செய்யும்; அதைத் திருட்டு என்று எண்ணுவது எளிது. பாக்கிதாரர்களில் கமிட்டியாரும் இருக்கலாம் என்பதால் இந்த வேலையைச் செய்யப் பலர் தயங்குவார்கள். தயங்காதீர்கள்.

சரிபார்க்க இருவரை அமர்த்துங்கள். அவர்கள் எவருக்கும் பங்காளியோ சம்பந்தியோ ஆகாதிருக்கட்டும். அழகப்பா பல்கலைக்கழகம், மின்வேதியியல் ஆய்வகம் என்று வேலைக்காக வந்து குடியேறியவர்களும் உள்ளூர்க் குடும்பங்களும் சேர்ந்த சபையானால், பக்கத்துக்கு ஒருவராகத் தேர்ந்தெடுப்பது நல்லது. குற்றம் செய்த சகோதரனைத் திருத்தும் வழியில், மத்தேயு 18இல் இரண்டாம் படியாகச் சொல்லப்படும் ‘ஓரிருவர்’ பேச்சை உறுதிப்படுத்தும் சாட்சிகளே தவிர, கட்சி சேர்க்க வந்தவர்கள் அல்லர்.

முதல் படி தனியே சந்திப்பது. பொது இடத்தில் எழுதியதன் மூலம் மூத்தவர் அதைத் தாண்டிவிட்டார். அவர் கேட்ட கேள்வி நியாயமாக இருந்தாலும், எழுதிய இடத்துக்காக வருத்தம் தெரிவிக்க வேண்டியவர் அவரே. பொருளாளருக்கும் கடமை உண்டு: மத்தேயு 5:23, 24 வசனங்கள், தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டு என்று நினைவுகூருபவனையே முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கின்றன. எனவே திருவிருந்தை விட்டு விலகியிருப்பது மட்டும் போதாது. அவரும் போக வேண்டும். இருவரையும் வெவ்வேறு நாளில், அவரவர் வீட்டிலேயே சந்தித்து இதைச் சொல்லுங்கள். அதுவரை அந்தக் குழுவில் நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி மாற்றிவையுங்கள்.

கணக்கில் உண்மையாகவே கையாடல் தெரிந்தால், கமிட்டியில் முடித்துக்கொள்ளாமல் சபையின் மேல் நிர்வாகமான பேராயத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சபைக்குள் பேசித் தீர்க்கக் கூடாதவையும் உண்டு. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்ததாகத் தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறையிடம் தெரிவிப்பது கட்டாயம்.

எல்லாம் தெளிந்த பிறகும் இருவரும் பழையபடி பழகாமல் போகலாம். வேதாகமத்தில், உடன் ஊழியரான மாற்குவை முன்னிட்டு அப்போஸ்தலர்களான பவுலும் பர்னபாவும் பிரிந்தே போனார்கள். நட்பை வற்புறுத்தாமல், இருவருக்கும் வெவ்வேறு பொறுப்புகளைக் கொடுங்கள். அடுத்த பண்டிகையில் ஏல நோட்டில் இருவர் கையொப்பமிடட்டும். பாக்கிப் பட்டியல் மறு ஞாயிறே கமிட்டிக்கு வரட்டும்.