அறையை விட்டு வெளியே வரப் பிடிக்கவில்லை
மனநல மருத்துவர் பதில்கள்

இந்த இதழில் கல்லூரி மாணவர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் எழுதிய நான்கு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதம் வந்த அன்றே மின்னஞ்சலில் பதில் எழுதிவிட்டேன். அதே தயக்கம் பலருக்கும் இருக்கும் என்பதால் இங்கும் தருகிறேன்.

கேள்வி: நான் முதுகலை முதலாம் ஆண்டு படிக்கிறேன். ஹாஸ்டலில் என் அறையில் இருக்கும் தோழி ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. "நான் இல்லாமல் போனால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி" என்று இரண்டு முறை சொல்லிவிட்டாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே உண்டாக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், மதுரை

அன்புத் தங்கைக்கு, நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பது ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கும் உண்மை. வாரக்கணக்கில் அதைத் தனியாகச் சுமந்துகொண்டிருப்பவருக்கு, ஒருவர் அதன் பெயரைச் சொல்லிக் கேட்கும்போதுதான் மூச்சு விட இடம் கிடைக்கிறது. "உயிரை விட்டுவிடலாம் என்று உனக்குத் தோன்றுகிறதா?" என்று சுற்றி வளைக்காமல் கேளுங்கள். ஆம் என்றால் அதிர்ச்சியைக் காட்டாமல், எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாளா, இன்று இரவு தனியாக இருக்கப் பயமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "அப்படியெல்லாம் பேசாதே", "அம்மா அப்பாவை நினைத்துப் பார்" போன்ற வார்த்தைகள் அன்பினால் வருபவைதான். ஆனால் அவை பேச்சை அங்கேயே மூடிவிடும். அதோடு, தான் எல்லோருக்கும் பாரம் என்று ஏற்கனவே நினைத்துக்கொண்டிருப்பவருக்கு இன்னும் ஒரு குற்ற உணர்வையும் சேர்த்துவிடும்.

வாயால் சொல்பவர்கள் செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக இருக்கிறது. அது தவறு, ஆபத்தானதும்கூட. உங்கள் தோழி இரண்டு முறை சொல்லியிருக்கிறாள் என்றால் இரண்டு முறை உதவி கேட்டிருக்கிறாள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தியத்தை நீங்கள் காப்பாற்ற வேண்டியதில்லை. அவளுக்குத் தெரியாமல் செய்யாமல், "இதை நான் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது, வார்டனிடமோ உன் அக்காவிடமோ சேர்ந்தே சொல்வோம்" என்று அவளிடமே சொல்லிவிடுங்கள். கோபப்படுவாள். அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொள்ளலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம், அவளுக்காக நீங்களும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு. இன்றே ஏதாவது நடந்துவிடும் என்று தோன்றினால் அவளைத் தனியே விடாமல், ஆபத்தான பொருள்களை அறையிலிருந்து அகற்றிவிட்டு, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள், தேவைப்பட்டால் 108-ஐ அழையுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் பலர் இந்தக் கட்டத்தில்தான் பின்வாங்குகிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்று சொல்கிறது. எண்ணம் மட்டும் உள்ள ஒருவரை மருத்துவரிடம் அழைத்துப் போவதில் சட்டத்துக்குப் பயப்பட எதுவுமே இல்லை.

கேள்வி: பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழி. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். இப்போது மூன்று அரியர். வகுப்புக்குப் போகவே மனம் வருவதில்லை. இரவு மூன்று மணிக்கு மேல்தான் தூக்கம் வருகிறது, பகலெல்லாம் படுத்தே கிடக்கிறேன், அறையை விட்டு வெளியே வரப் பிடிக்கவில்லை. படித்தால் ஏறுவதில்லை. அப்பா கட்டட வேலை செய்கிறார், அவர் போன் செய்தால் எடுப்பதில்லை. எனக்கு இருப்பது சோம்பேறித்தனமா, நோயா?
– பெயர் வேண்டாம், சேலம் மாவட்டம்

தம்பி, சோம்பேறிக்கு இந்தக் கேள்வியே வராது. வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு அந்த நேரத்தை மகிழ்ச்சியாகக் கழிப்பவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். நீங்கள் படுத்துக் கிடக்கும் நேரத்திலும் ஓய்வில்லை, விளையாட்டில்லை, அப்பாவிடம் பேசும் சந்தோஷமும் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் மனம் கனத்துக் கிடப்பது, முன்பு பிடித்தவை பிடிக்காமல் போவது, தூக்கமும் பசியும் மாறுவது, கவனம் நிற்காதது, தன்னையே மட்டமாக நினைப்பது ஆகியவை ஒன்றாகச் சேர்ந்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் அதை மனச்சோர்வு நோய் என்று சந்தேகிக்க வேண்டும். நேரில் பார்க்காமல் உங்களுக்கு அதுதான் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் நேரில் பார்க்க வேண்டிய நிலையில் இருக்கிறீர்கள் என்பதை உறுதியாகச் சொல்வேன்.

"படித்தால் ஏறுவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். அரியர் விழுந்ததால் மனம் சோர்ந்தது என்று வீட்டார் நினைப்பார்கள், நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். மனச்சோர்வு கவனத்தையும் நினைவாற்றலையும் நேரடியாகத் தாக்கும் என்பதால், பல மாணவர்களுக்கு இது தலைகீழாகவே நடக்கிறது. மனம் முதலில் சோர்கிறது, மதிப்பெண் பிறகு சரிகிறது, சரிந்த மதிப்பெண் மனத்தை மேலும் அழுத்துகிறது. இந்தச் சுழலில் இருப்பவரிடம் "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்" என்று சொல்வது, காலில் எலும்பு முறிந்தவரை வேகமாக நடக்கச் சொல்வதற்குச் சமம்.

உங்கள் விஷயத்தில் மொழியின் பாரமும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் உங்களைப் போன்ற ஒரு மாணவர் என்னிடம் வந்தபோது தன் நோட்டைக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் மேலே பென்சிலால் பொடி எழுத்தில் தமிழ்ப் பொருள் எழுதியிருந்தார். முதல் பக்கங்களில் வரிக்கு ஏழெட்டுச் சொல், பிறகு மூன்று நான்கு, பத்தாவது பக்கத்துக்கு மேல் பென்சில் எழுத்தே இல்லை. மொழி வசப்பட்டுவிட்டது என்று முதலில் நினைத்தேன், கேட்ட பிறகுதான் அவர் அந்தப் பக்கத்தோடு கைவிட்டுவிட்டார் என்று தெரிந்தது. மற்றவர்கள் பாடத்தை மட்டும் புரிந்துகொள்ளும் நேரத்தில் அவர் மொழியைப் பெயர்த்து, அதற்குப் பிறகு பாடத்தைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இரட்டை வேலை செய்து களைத்தவர் தன்னை மந்தமானவர் என்று முடிவுகட்டிக்கொண்டார். அவருடைய பிளஸ் டூ மதிப்பெண் அந்த முடிவுக்கு நேர்மாறாக இருந்தது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இலேயே சிவில், மெக்கானிக்கல் பாடங்களைத் தமிழ்வழியில் தொடங்கியது என்பதை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். பொறியியலைத் தமிழில் யோசிப்பதில் தாழ்வு எதுவும் இல்லை. ஒரு கருத்தை முதலில் தமிழில் உங்கள் வார்த்தையில் நான்கு வரி எழுதுங்கள், அதன் பிறகு கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் பொருத்துங்கள்.

செய்ய வேண்டியவற்றில் முதலாவது மருத்துவரைப் பார்ப்பது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்கினால் போதும், கட்டணம் கிடையாது. பதினெட்டு வயது முடிந்தவர் என்பதால் பெற்றோர் கையெழுத்தும் தேவையில்லை. தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் இதே அறிகுறிகளைக் காட்டும் என்பதால் இரத்தப் பரிசோதனை எழுதினால் தட்டாமல் செய்துகொள்ளுங்கள். மாத்திரை எல்லோருக்கும் தேவைப்படாது, இலேசான நிலையில் பேச்சுவழிச் சிகிச்சை மட்டுமே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது.

தூக்கத்தைப் பொறுத்தவரை எப்போது படுப்பது என்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எழும் நேரத்தை மட்டும் ஏழு மணி என்று பிடித்துக்கொள்ளுங்கள். இரவு எவ்வளவு கெட்டிருந்தாலும் ஏழுக்கு எழுந்து, மெஸ்ஸில் காலைச் சாப்பாட்டை முடித்து, அரை மணி நேரம் வெயிலில் நடந்துவிட்டு வாருங்கள். மாலைக்குப் பிறகு டீ வேண்டாம். மனம் சரியான பிறகு எழலாம் என்று காத்திருந்தால் அது நடக்காது. உடல் நகர்ந்த பிறகுதான் மனம் மெல்லப் பின்னால் வரும். மூன்று அரியரையும் ஒரே செமஸ்டரில் முடித்துக்காட்டுகிறேன் என்று சபதம் எடுக்காதீர்கள். எளிதான ஒன்றை எடுத்து, அதன் ஐந்து யூனிட்டில் உங்களுக்குப் பிடிபடும் இரண்டிலிருந்து தொடங்குங்கள், ஒன்று கழிந்தால் மற்றதற்குத் தெம்பு வரும். பிளஸ் டூவில் தவறியவர்கள் ஓர் ஆண்டை இழக்காமல் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதும் ஏற்பாட்டை நம் மாநிலம் செய்திருக்கிறது. தோல்விக்கும் அடுத்த வாய்ப்புக்கும் இடையிலான தூரத்தைக் குறைத்தால் உயிர்கள் காப்பாற்றப்படும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. அரியர் தேர்வையும் நீங்கள் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

அப்பாவின் போனை எடுங்கள். அரியரைப் பற்றி இன்று சொல்ல வேண்டாம். "உடம்பு சரியில்லை, டாக்டரைப் பார்க்கப் போகிறேன்" என்று சொல்லுங்கள், அது பொய்யில்லை. எடுக்காத ஒவ்வொரு அழைப்பிலும் அவர் என்னென்ன கற்பனை செய்துகொண்டு சாரத்தில் நிற்பார் என்பதை நினைத்தால் எனக்கே வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: என் மகள் சென்னையில் விடுதியில் தங்கி பி.ஏ. மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது பையில் எஸ்சிடலோப்ராம் என்ற மாத்திரை இருந்தது. மனநல மருத்துவர் கொடுத்ததாம், இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறாளாம். இப்போது பரவாயில்லை என்கிறாள். பழக்கமாகிவிடும் என்று பயந்து நிறுத்தச் சொல்லிவிட்டேன். நாளைக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது இது தடையாகுமா?
– ஒரு தாய், கும்பகோணம்

சகோதரி, முதலில் மகளைக் கூப்பிட்டு, மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கனவே நிறுத்திவிட்டிருந்தால் உடனே அந்த மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, உடலில் சுரீரென்று மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வு ஆகியவை வரலாம், விட்டுப்போன மனச்சோர்வும் திரும்பலாம். மனச்சோர்வுக்குத் தரும் இந்த வகை மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நன்றாக இருக்கிறது என்று தோன்றிய பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடர்ந்து, அதன் பின் அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவோம்.

உங்கள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அல்ப்ரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளை நீண்ட நாள் சாப்பிட்டால் உடல் அவற்றுக்கு அடிமையாகும், அவற்றை மருந்துக்கடையில் தாமாக வாங்கிச் சாப்பிட்டுக் கெட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். எஸ்சிடலோப்ராம் வேறு வகையைச் சேர்ந்தது. அதில் போதை கிடையாது, நாளுக்கு நாள் அளவைக் கூட்டச் சொல்லி உடல் ஏங்குவதும் கிடையாது. இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடங்கிய முதல் சில வாரங்களிலும், அளவை மாற்றும்போதும் படபடப்போ விபரீத எண்ணங்களோ கூடுகின்றனவா என்று கூர்ந்து கவனிக்க வேண்டும். உங்கள் மகள் அந்த முதல் வாரங்களைக் கடந்து தேறியும் வருகிறாள்.

திருமணத்தைப் பற்றி இப்போது கவலைப்படவே வேண்டாம் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் ஒரு தாயின் பயத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. மனச்சோர்வு குணமாகக்கூடிய நோய். குணமானவர்கள் வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள், பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள். அவளுடைய சிகிச்சை விவரத்தை இரகசியமாக வைக்க வேண்டியது மருத்துவமனையின் சட்டப்படியான கடமை, அதை யாரிடம் எப்போது சொல்வது என்பது அவளுடைய உரிமை. இருபது வயதுப் பெண் ஒருத்தி, தெரியாத ஊரில், தனக்கு உடம்பு சரியில்லை என்று தானே உணர்ந்து, தானே போய் வரிசையில் நின்று மருத்துவம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் வளர்ப்பு சரியில்லை என்பதற்கு இதை அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்கு நேர் எதிராகத்தான் தெரிகிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, அவள் சம்மதித்தால், நீங்களும் உடன் செல்லுங்கள்.

கேள்வி: கலைக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராக இருக்கிறேன். நன்றாகப் படித்த மாணவர்கள் திடீரென்று வாரக்கணக்கில் வராமல் போகிறார்கள். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வெழுத முடியாது என்று எச்சரிப்பதைத் தவிர ஓர் ஆசிரியரால் என்ன செய்ய முடியும்?
– விரிவுரையாளர், திருநெல்வேலி

ஐயா, எச்சரிக்கும் முன் ஒரு முறை தனியாக அழைத்து, சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். பலருக்கு அந்த ஆண்டில் அப்படிக் கேட்ட முதல் பெரியவர் நீங்களாக இருப்பீர்கள். நீங்கள் சிகிச்சை அளிக்க வேண்டியதில்லை, கவுன்சலர் இருக்கும் இடம் வரை அவரோடு நடந்து சென்றால் போதும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழங்கிய வழிகாட்டுதல்களின்படி, நூறும் அதற்கு மேலும் மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் அப்படி ஒருவர் இல்லையென்றால் அதைக் காட்டியே நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். இருந்தால் அவருடைய அறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான் பேசச் சென்ற ஒரு கல்லூரியில் அது முதல்வர் அறைக்கு அடுத்த கதவாக இருந்தது, பெயர்ப்பலகைக்குக் கீழே கிடந்த நாற்காலியில் தூசி படிந்திருந்தது. எல்லோர் கண்ணும் படும் அந்த நாற்காலியில் போய் உட்கார எந்த மாணவருக்குத் துணிச்சல் வரும்? நூலகத்தின் பின்பக்கம் போல, யாரும் எதற்காகவும் போய்வரக்கூடிய ஓரிடத்துக்கு அதை மாற்றச் சொல்லி அடுத்த துறைக் கூட்டத்தில் நீங்கள் கேட்கலாம்.