அப்பாவின் ரீலுக்கு "ஃபுல் செட்" வேண்டாம்

கேள்வி: கப்பலில் என்ஜினியராக இருந்த அப்பா விட்டுப்போன பென் செனட்டர் 6/0 தூண்டில் ரீல், மாடல் 114, எங்கள் செம்பூர் வீட்டுப் பரணில் கிடைத்தது. கைப்பிடியைச் சுற்றினால் மணல் அரைபடுகிற மாதிரி இருக்கிறது. பிரேக்கை அழுத்தும் ஸ்டார் சக்கரத்தை எவ்வளவு இறுக்கினாலும் தூண்டில் நரம்பு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பக்கத் தட்டில் ஒரு திருகும் இல்லை. சோர் பஜாரில் ஒருவர் 18,000 ரூபாய்க்கு "ஒரிஜினல் ஃபுல் செட்" போட்டு, குரோம் பூசிப் புதுசாக்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? இதை வைத்து மறுபடி மீன் பிடிக்கவும் ஆசை.

பதில்: கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் ரீலை வாங்கி வந்துவிடுங்கள், முன்பணத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நீங்கள் சொல்கிற மூன்று குறையும் சின்னக் குறைகள்தான். அந்த மணல் சத்தம் பத்தில் எட்டு ரீலில் தேய்மானமே கிடையாது, பழைய கிரீஸ் மெழுகாக இறுகி அதில் உப்பு சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். திறந்து, மண்ணெண்ணெயில் உலோகப் பாகங்களை மட்டும் கழுவி, புது கிரீஸ் வைத்துச் சுற்றிப் பார்த்த பிறகுதான் எது வாங்க வேண்டும் என்றே தெரியும். திறக்காமலே "ஃபுல் செட் மாத்தணும்" என்று சொல்கிறவர் உங்கள் ரீலைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்க்கிறார்.

இந்த "ஃபுல் செட்" எங்கிருந்து வருகிறது? செத்த ரீல் மூன்று நான்கு வாங்கி, அதில் நல்லதைக் கழற்றி உங்களுடையதில் போடுவார்கள், உங்களுடையதில் இருக்கிற நல்ல ஸ்பூலும் (நரம்பு சுற்றும் உருளை) தட்டும் அடுத்தவர் ரீலுக்குப் போகும். பென் 1932இல் பிலடெல்பியாவில் தொடங்கிய கம்பெனி, செனட்டர் வரிசை 1936இல் வந்தது, அடிப்படை அமைப்பைப் பெரிதாக மாற்றாமல் பல பத்தாண்டுகள் செய்தார்கள். அதனால் ஒரு காலத்துப் பாகம் இன்னொரு காலத்து ரீலில் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். தரகருக்கு அதுதான் வசதி. உட்காருகிறது என்பது வேறு, அதற்கு உரியது என்பது வேறு. போன வருஷம் ஒருவர் வாஷியிலிருந்து கொண்டுவந்த ரீலில் தேய்ந்துபோன பெரிய பல்சக்கரத்தோடு புத்தம்புது பினியனை (அதோடு சேர்ந்து சுற்றும் சின்னப் பல்சக்கரம்) சேர்த்திருந்தார்கள். கடையில் வைத்துச் சுற்றும்போது வெண்ணெய் மாதிரி சுற்றியிருக்கிறது, முதல் சூரை மீன் இழுத்ததும் பல் உதிர்ந்துவிட்டது. அவர் கொடுத்த பணத்துக்கு ரசீதுகூட இல்லை.

ஆகவே பாகம் வாங்கினால் எண்ணைச் சொல்லி வாங்குங்கள், பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். பென் ரீலில் முதல் எண் எந்தப் பாகம் என்பதைச் சொல்லும், கோட்டுக்குப் பின்னால் வருவது எந்த மாடல் என்பதை. 5 என்றால் பெரிய பல்சக்கரம், 13 பினியன். உங்களுக்கு 5-114, 13-114 வேண்டும். 114எச் என்று வந்தால் வாங்காதீர்கள், அது வேக விகிதம் மாறிய ரீல். பல் நுனி கத்தி மாதிரி கூராகியிருந்தால் மட்டும் மாற்றுங்கள், மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அச்சடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும்போதும் போனில் படம் எடுங்கள். (வாம் ஹோஃபே, ஹார்டி மாதிரி கையால் ராவிப் பொருத்திய ரீல்களுக்கு இந்த எண் கணக்கெல்லாம் செல்லாது.)

கழற்றிய பழைய பாகம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். அப்பாவின் ரீல் அது, பழைய பாகங்கள் ஒரு டப்பாவில் கூடவே இருக்கட்டும்.

ஒன்றில் மட்டும் நான் இதற்கு நேர்மாறாகச் சொல்வேன், அது டிராக் வாஷர், மீன் இழுக்கும்போது நரம்பைப் பிடித்துப் பிடித்து விடுகிற பிரேக்கின் வாஷர். அங்கே ஒரிஜினல் வேண்டவே வேண்டாம். பெரிய பல்சக்கரத்தின் குழிக்குள் ஒரு நார் வாஷர், ஒரு உலோக வாஷர் என்று மாறி மாறி அடுக்கியிருக்கும், ஸ்டார் சக்கரம் அந்த அடுக்கைத்தான் அழுத்துகிறது. பரணில் வருஷக்கணக்காக அழுந்தியே கிடந்ததில் அந்த நார் கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருக்கும், எண்ணெய் வேறு ஊறியிருக்கும், அதனால்தான் உங்களுக்கு வழுக்குகிறது. பழைய வாஷரைத் தேடிப் பிடித்துப் போட்டால் அதுவும் அதே வயதுதான். கார்பன் வாஷர் போடுங்கள், பென்னே எச்டி-100 (HT-100) என்ற பெயரில் செய்கிறது. வெளியே தெரியாது, தட்டைத் துளைக்க வேண்டாம், ராவ வேண்டாம், நாளைக்கு யாராவது பழையபடி வேண்டும் என்றால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். உலோக வாஷர் பழையதே இருக்கலாம், தட்டையாக இருக்கிறதா என்று கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். பழைய நார் வாஷரை உப்புத்தாளில் தேய்த்துப் புதுப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் காலத்து பிரேக் சாமான்களில் ஆஸ்பெஸ்டாஸ் புழங்கியது, அந்தத் தூசி நெஞ்சுக்குள் போகக் கூடாது.

திருகுக்கு நாக்தேவி தெருவுக்கு ஓடுவீர்கள், அங்கேதான் கவனம் வேண்டும். அமெரிக்க ரீல், அங்குல மரை. நம் கடையில் கைக்கு வருவதெல்லாம் மெட்ரிக். எட்டுக்கு முப்பத்திரண்டு என்கிற அங்குல மரையும் எம்4ம் பார்வைக்கு அண்ணன் தம்பி, ஆனால் ஒன்றில் மரை இடைவெளி 0.79 மில்லிமீட்டர், மற்றதில் 0.7. முதல் இரண்டு சுற்று சுகமாகப் போகும், மூன்றாவதில் இறுகும், பையன் இன்னும் கொஞ்சம் திருகுவான், உள்மரை போய்விடும். ரீலில் இருக்கும் நல்ல திருகு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் மரை கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

குரோம் பூச்சு வேண்டாம். பூசுவதற்கு முன் பாலிஷ் போட்டு அரைப்பார்கள், அளவும் எழுத்தும் தேய்ந்துவிடும். பச்சைக் களிம்பு இருந்தால் உலோகத்தில் மட்டும் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியால் துடைத்து, உடனே கழுவிக் காயவையுங்கள். பக்கத் தட்டு பேக்கலைட்டாக இருந்தால் வெந்நீர், தின்னர், வெயில் மூன்றும் ஆகாது.

இவ்வளவும் சொன்ன பிறகு பாகத்தை எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து தருவிப்பதுதான் வழி, தரகர் பிழைப்பதும் இதனால்தான். சுங்க அட்டவணையில் மீன்பிடி ரீல் பொம்மைகளோடும் விளையாட்டுச் சாமான்களோடும் 95ஆம் அத்தியாயத்தில் கிடக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற பல்சக்கரத்துக்கு, இது என்ன, எதற்கு, விலைச் சான்று எங்கே என்று பல்லார்ட் எஸ்டேட் தபால் கிளைக்கு நான் மூன்று முறை நடந்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வேறு அதிகாரி, வேறு கேள்வி. ஒரு பழைய பொருளைப் பழுது பார்த்து வைத்துக்கொள்ள நினைப்பவனை இப்படி அலைக்கழித்தால் அவன் சோர் பஜாருக்குத்தான் போவான். அதனால் பாகங்களைத் துண்டு துண்டாக வரவழைக்காமல் ஒரே பார்சலில் கேளுங்கள், விலைப்பட்டியலில் பாக எண்ணும் விலையும் தெளிவாக இருக்கட்டும். வரியும் சேர்த்து, என் கணக்கில், அவர் கேட்ட 18,000இல் பாதிகூட ஆகாது.

எல்லாம் மாட்டிய பிறகு நரம்பு நுனியைப் பெட்டி எடை பார்க்கும் தராசில் கட்டி இழுங்கள். 50 பவுண்டு நரம்பென்றால் ஏழு, ஏழரை கிலோவில் டிராக் விட்டுக்கொடுக்க வேண்டும், அதுவும் வெட்டி வெட்டி இல்லாமல் ஒரே சீராக. கடலுக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணீரில் மேலாகக் கழுவி, ஸ்டார் சக்கரத்தைத் தளர்த்தி வையுங்கள்.