வெப்சைட் அனிமேஷன் எல்லாம் வெட்டி அலங்காரம்தானே? அதில் ஆர்வம் வைத்து ஒரு பிரீலான்ஸர் பிழைக்க முடியுமா?

இந்தக் கேள்வியை நீங்கள் சும்மா கேட்டிருக்க மாட்டீர்கள். ஆபீசில் யாரோ, "பட்டன் வேலை செய்தால் போதும், அது எதுக்குத் துள்ளணும்?" என்று கேட்டிருப்பார்கள். இல்லையென்றால் வீட்டில். எனக்கு இரண்டு இடத்திலும் கிடைத்திருக்கிறது. நாளைக்கு ஒரு சைட் கொடுக்க வேண்டிய வேலையைப் போட்டுவிட்டு ராத்திரி பன்னிரண்டரைக்கு இதை எழுதுவது அதனால்தான்.

பிழைப்பைப் பற்றிய பாதிக்கு முதலில் பதில்: என்னால் முடியவில்லை. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் வீட்டு மாடியறையில் இருந்து ஒன்பது வருஷமாகப் பிரீலான்ஸ் செய்கிறேன். சோறு போடுவது கல்யாண மண்டபம், பல் டாக்டர், டியூஷன் சென்டர் சைட்கள். அனிமேஷன் அவற்றுக்கு நடுவே நான் கள்ளத்தனமாக நுழைப்பது. சென்னையிலும் பெங்களூரிலும் ஸ்டூடியோவில் இருப்பவர்கள் "நாங்கள் இதையே முழுநேரமாகச் செய்கிறோமே" என்று கமெண்டில் வரக்கூடும். சந்தோஷம், செய்யுங்கள். விருது எதுவும் வாங்காத ஒருவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஆனால் "வெட்டி அலங்காரம்" என்ற சொல்லைப் பார்த்ததும் சூடு ஏறிவிட்டது. மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கும் ஒரு குடும்பத்துக்கு சைட் செய்த கதையைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் கிடைப்பதில் நிறையவே ரப்பர் தேன். வெளியூர்க்காரர்கள் ரப்பர் பூவிலிருந்து வருவதாக நினைப்பார்கள். மரம் இலை உதிர்த்துத் தளிர்விடும்போது இலைக்காம்பில் ஒரு இனிப்பு ஊறும், தேனீ எடுப்பது அதைத்தான். மாசி, பங்குனியில் இவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்கு முன்னால் சைட் வேண்டும் என்றார் அந்த வீட்டு அண்ணன். கேட்டது மூன்றே விஷயம்: தேன் படம், விலை, போன் நம்பர். பதினெட்டாயிரம் பேசி ஆறாயிரம் அட்வான்ஸ் தந்தார்.

நான் என்ன செய்தேன்? பக்கத்தைத் தள்ளத் தள்ள மேலிருந்து தேன் வழிந்து, துளிகள் ஒட்டிப் பிரிந்து, கடைசியில் பாட்டிலாகத் திரளும்படி செய்தேன். எஸ்விஜி என்ற, கோடால் எழுதும் பட வடிவத்தில் மங்கலாக்கும் பில்டரைப் போட்டு அதன் மேல் கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால், பக்கத்தில் வரும் இரண்டு வட்டங்கள் பாதரசம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அந்த வித்தைதான். மூன்று வாரம் போனது. கேட்காத வேலை, காசும் கிடையாது. என் லேப்டாப்பில் ஓடவிட்டு நானே இருபது தடவை பார்த்து ரசித்தேன், அதையும் மறைக்கவில்லை.

கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணன் தன் போனை எடுத்தார். ஓரத்தில் விரிசல் விட்ட விலை குறைந்த போன். துளி தள்ளாடியது, நின்றது, திடீரென்று இரண்டு அங்குலம் கீழே குதித்தது. பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, தேனு வருகு. நம்பரு எப்பம் வரும்?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. திரை வினாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது என்றால், ஒரு படத்தைத் தயார் செய்ய பிரவுசருக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட். அதற்குள் ஒவ்வொரு தடவையும் அந்த மங்கல் பில்டரைக் கணக்குப் போட அந்தப் போனால் ஆகாது. எனக்கு இது தெரியாமல் இல்லை. அகலம், உயரம், இடம் இவற்றை அசைத்தால் பிரவுசர் பக்கத்தின் அமைப்பையே மறுபடி அளக்கும். டிரான்ஸ்பார்ம் (நகர்த்துவது, சுழற்றுவது), ஒபாசிட்டி (மங்கித் தெரிவது) இரண்டை மட்டும் அசைத்தால் அந்த அளவெடுப்பு இல்லாமலே முடியும். இதை நானே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆசை வந்தால் படித்ததெல்லாம் மறந்துபோகிறது.

எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். நம்பர் மேலே போனது. ஒரே ஒரு அனிமேஷன் மிச்சம்: ஆர்டர் பட்டனைத் தொட்டால் பாட்டிலுக்குள் ஒரு துளி விழும். அந்தப் பழைய போனிலும் தடங்கல் இல்லாமல் ஓடியது. அண்ணன் தலையாட்டினார். தேன் வடிகட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி, கையைத் துடைத்துவிட்டு வந்து ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

"இது தேனில்ல தம்பி. சீனிப்பாகாக்கும்."

எனக்குப் புரியவில்லை.

"தேனு இப்பிடிச் சொட்டுன்னு விழாது. இதப் பாத்தா கலப்படமுன்னுல்லா ஆளுவ நெனைக்கும்."

ஒன்பது வருஷத்தில் என் வேலையை இப்படி யாரும் விமர்சித்ததில்லை. டிசைனர்கள் நிறம் சரியில்லை என்பார்கள், கிளையன்ட்கள் லோகோவைப் பெரிதாக்கு என்பார்கள். ஒரு துளி விழும் அரை வினாடியை வைத்துச் சரக்கு சுத்தமா என்று சொன்னவர் அந்த அக்கா ஒருவர்தான்.

அங்கேயே உட்கார்ந்தேன். அவர் கரண்டியால் தேனை எடுத்து எடுத்து ஊற்ற, நான் போனில் வினாடிக்கு 240 படம் வீதம் ஸ்லோ மோஷனில் பிடித்தேன். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு படமாக எண்ணினேன். துளி முதலில் நுனியில் திரண்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்குகிறது. பிறகு கழுத்து மெலிந்து நூலாக நீள்கிறது. கீழே தொட்ட பிறகும் நூல் அறுவதில்லை, தொட்ட இடத்தில் கயிறு சுருட்டியதுபோல வளையம் வளையமாக விழுகிறது. நான் வைத்திருந்தது மொத்தமே 400 மில்லிசெகண்ட். திரளுவதற்கு மட்டும் 900 கொடுத்தேன், விழ 500. நூலுக்கு ஒரு மெல்லிய கோடு, மேல்முனையைப் பிடித்துக்கொண்டு கீழ்ப்பக்கமாக நீளும். வளையத்தை விட்டுவிட்டேன், அது என் சக்திக்கு மீறியது.

வேகம் எங்கே கூடும், எங்கே குறையும் என்பதைச் சொல்ல வெப்சைட்டின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் கியூபிக் பெஸியர் என்று நான்கு எண்கள் உண்டு. ரெனோ கம்பெனியில் காரின் வளைவுகளை வரைவதற்காக பியர் பெஸியர் என்ற பொறியாளர் கொண்டுவந்த வளைகோடு அது. நாலு எண்ணை மாற்றி மாற்றி ரெண்டு ராத்திரி போனது. ஒரே சீராக ஓடும் லீனியர், முப்பந்தல் காற்றாலை சுற்றுவதற்குச் சரி. கனமுள்ள எதுவும் அப்படி அசையாது.

காற்றாலை என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றில் அத்தனை காற்றாலையும் பறக்கப் பறக்கச் சுற்றும். அதே காற்றில் எங்கள் தெருவில் தென்னை ஓலை கம்பியில் விழுந்து கரண்ட் போய்விடும். இதே மாவட்டத்தில் மின்சாரம் விளைகிறது, நான் கிளையன்ட்டுடன் போனில் பாதிப் பேச்சில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன். சிங்கப்பூர் கிளையன்ட் ஒருவர் மூன்றாவது தடவை போன் கால் அறுந்த பிறகு மெயிலே போடவில்லை. 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் வந்தபோது எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இருந்தாலும் "வீட்டிலிருந்தே வேலை, ஜாலி" என்று யாராவது சொன்னால் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

சரி. இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்றும் கேட்பீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த லீவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருள் படித்தேன். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி அதைக் கைவிட்டது, 2021 ஜனவரி 12 முதல் பிளேயருக்குள் எதுவும் ஓடாமல் தடுத்துவிட்டது. சர்டிபிகேட் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் விதை அதற்கும் முன்னால். சின்ன வயதில் பாட்டா, அதாவது தாத்தா, என்னைத் தோல்பாவைக் கூத்துக்குக் கூட்டிப்போவார். நாகர்கோவிலைச் சுற்றி அதை ஆட்டும் குடும்பங்கள் உண்டு. வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கு, ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் பூசிய பாவைகள். உச்சிக்குடும்பன் உளுவத்தலையனை அடிக்கும் முன் கையை ஒரு கணம் பின்னால் இழுப்பான். சிரிப்பு அந்தக் கணத்திலேயே தொடங்கிவிடும். டிஸ்னிக்காரர்கள் அனிமேஷனுக்குப் பன்னிரண்டு விதி எழுதினார்கள், அதில் ஒன்று இதுதான். எனக்கு அது விதியென்று தெரிய இருபது வருஷம் ஆனது.

ஏர்பிஎன்பி 2017-இல் லாட்டி என்ற கருவியை வெளியிட்டது. ஆப்டர் எபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் செய்த அசைவைக் குட்டி பைலாக எடுத்து சைட்டிலும் ஆப்பிலும் ஓடவைக்கலாம். அந்தப் பெயர் லாட்டே ரைனிகர் என்ற ஜெர்மன் அம்மாவினுடையது. கறுப்புக் காகிதத்தை வெட்டி, பின்னாலிருந்து வெளிச்சம் போட்டு, 1926-லேயே நிழலுருவங்களால் முழுநீள அனிமேஷன் படம் எடுத்தவர். அதைப் படித்த அன்று பாட்டா இல்லையே என்றிருந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அனிமேஷன் வெறியன் என்று முத்திரை குத்துவீர்கள். என் அம்மைக்கு, அதாவது அம்மாவுக்கு, தலைசுற்றல் உண்டு. முன்பொரு சைட்டில் பின்னணி ஒரு வேகத்திலும் முன்னால் இருப்பது வேறு வேகத்திலும் நகரும்படி வைத்திருந்தேன். பெருமையாகக் காட்டினேன். அரை நிமிஷத்தில் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, "லேய், இது என்ன, வள்ளத்துல போற மாதிரி இருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டார். போன் செட்டிங்கில் அசைவைக் குறைக்கச் சொன்னவர்களுக்கு அனிமேஷனை நிறுத்திவைக்க சிஎஸ்எஸ்ஸில் ஒரு நிபந்தனை எழுதலாம். சின்ன வேலை. அன்றுவரை நான் எழுதியதில்லை, இப்போது எழுதாமல் எதையும் கொடுப்பதில்லை.

தேன் சைட் மாசி பிறக்கும் முன் நெட்டில் ஏறிவிட்டது. அக்கா துளியைத் தொட்டுப் பார்த்து "ம்" என்றார், அவ்வளவுதான் பாராட்டு. அதனால் விற்பனை கூடியதா என்று கேட்காதீர்கள், அண்ணன் என்னிடம் கணக்குக் காட்டவில்லை. மீதிப் பன்னிரண்டாயிரத்தில் எட்டு வந்தது. நாலாயிரத்துக்குச் சித்திரையில் இரண்டு பெரிய பாட்டில் தேன் வந்தது, நானும் ஒன்றும் பேசவில்லை. அம்மை ஒரு பாட்டிலைத் திறந்து கரண்டியில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"ஒனக்க கம்ப்யூட்டர்ல விழுந்தது இதவிட மெல்லயாக்கும்" என்றார்.