விடியற்கால ஜெபமும் மாடி வீட்டுக்காரரும்

வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேப்பேரியில் ஞாயிறு பள்ளி ஆசிரியை.)

அக்கா, நாங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் தளத்தில் இருக்கிறோம். தினமும் காலை நாலரை மணிக்குக் குடும்ப ஜெபம். பாடி, கைதட்டி, உரத்த குரலில் துதிப்போம். மாடி வீட்டுக்காரர் குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டார். அவருடைய மகள் பிளஸ் டூ படிக்கிறாளாம், தூக்கம் கெடுகிறதாம். "கர்த்தருக்காகப் பாடு அனுபவிக்க வேண்டும்" என்கிறார் என் கணவர். பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடவில்லையா?
– ஒரு வாசகி, கொளத்தூர்

பாடினார்கள். பிலிப்பி பட்டணத்துச் சிறையில், முதுகெல்லாம் அடிபட்ட காயத்தோடு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டிருக்கப் பாடினார்கள். உங்கள் கணவர் கால்களை எதில் மாட்டிக்கொண்டு பாடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை.

நீதிமொழிகள் 27-ஆம் அதிகாரம், 14-ஆம் வசனத்தை இன்றைக்கே அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். "ஒருவன் அதிகாலையிலே எழுந்து உரத்த சத்தத்தோடே தன் சிநேகிதனுக்குச் சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும்." இது உங்கள் சங்கத் தலைவர் எழுதியது அல்ல. பல கிறிஸ்தவ வீடுகளில் நீதிமொழிகளை நாளுக்கு ஓர் அதிகாரமாக மாதம் ஒரு சுற்று வாசித்து முடிக்கிறார்கள். 27-ஆம் தேதி மட்டும் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள் போலிருக்கிறது.

சீலோவில் அன்னாள் ஜெபித்தபோது அவளுடைய உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசாரியனாகிய ஏலிக்கே கேட்கவில்லை. அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். பிள்ளை வரம் கேட்ட அந்த ஜெபத்துக்குக் கிடைத்த பதில்தான் அவள் மகன் சாமுவேல். ஆண்டவரும் அதிகாலையில், இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் வனாந்தரமான ஓர் இடத்துக்குப் புறப்பட்டுப் போய் ஜெபித்தார். சீமோனும் கூட இருந்தவர்களும் பிறகு அவரைத் தேடிக்கொண்டுதான் போனார்கள்.

பாடு அனுபவிக்க வேண்டும் என்கிறாரே உங்கள் கணவர், அந்தப் பாட்டையும் பேதுரு தம் முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் இரண்டாகப் பிரித்துவைத்திருக்கிறார். கிறிஸ்தவனாயிருப்பதால் வரும் பாடு வேறு, நம்முடைய நடத்தையால் வரும் பாடு வேறு. மாடி வீட்டுக்காரர் உங்கள் விசுவாசத்தின்மேல் புகார் கொடுக்கவில்லை, நாலரை மணியின்மேல் கொடுத்திருக்கிறார்.

இந்த வழக்கு நம் ஊருக்குப் புதிதும் அல்ல. மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு சபையின் ஒலிபெருக்கியையும் மேளத்தையும் எதிர்த்துக் குடியிருப்போர் சங்கம் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிறருடைய அமைதியைக் குலைத்து ஜெபிக்கச் சொல்லும் மதம் எதுவும் இல்லை என்று 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரம். குடியிருப்புப் பகுதியில் அப்போது 45 டெசிபல்தான் அளவு. உங்களுக்கு விடிந்துவிட்ட நாலரை மணி சட்டத்துக்கு இன்னும் நடுராத்திரி.

ஜெபத்தை நிறுத்த வேண்டாம். நாலரை மணிக்கு எழுந்து மெல்லிய குரலில் ஜெபியுங்கள். பாட்டையும் கைதட்டலையும் மாலை ஏழு மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இருவருமாக மாடிக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். கணவர் வரத் தயங்கினால் நீங்கள் மட்டுமாவது போங்கள். வரும்போது அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு வாருங்கள். மார்ச் மாதத் தேர்வு முடியும் வரை அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிக்கலாம், அவள் காதில் விழாமல்.

செல்போனில் வேதம் வாசிப்பது சரியா?
– ஒரு வாசகர், தாம்பரம்

சரி. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715-இல். அதற்கு முன்னும் சபைகள் இருந்தன, சுருளிலும் தோலிலும் வேதம் இருந்தது. வாசிக்கும்போது வாட்ஸ்அப் அறிவிப்பை மட்டும் அணைத்து வையுங்கள்.

அம்மா, தையல் ஏற்றுமதி நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். சம்பளம் 24,000 ரூபாய். தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, 2,400 தவறியதில்லை. போன ஸ்தோத்திரப் பண்டிகையில் ஆலயக் கட்டட நிதிக்கு 50,000 ரூபாய் தருவதாக நேர்ந்து பொருத்தனை பண்ணினேன். மாதம் 4,000 வீதம் கட்டுகிறேன். இதற்கிடையில் அப்பா விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை முடிந்தது. மருந்து, உடற்பயிற்சி சிகிச்சை, பார்த்துக்கொள்ள ஆள் என்று எல்லாவற்றையும் வீட்டு வேலை செய்யும் என் அக்காதான் சமாளிக்கிறார். என்னிடம் உதவி கேட்டார். ஆண்டவருடைய பங்கில் கை வைத்தால் மல்கியா 3-ஆம் அதிகாரத்தின் சாபம் வரும் என்கிறாள் என் மனைவி. என்ன செய்ய?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

கணக்கு எழுதியே காலம் கழித்தவள் என்பதால் முதலில் கணக்கைப் போட்டுவிடுகிறேன். மாதம் 6,400 ரூபாய் உங்கள் கையிலிருந்து ஆலயத்துக்குப் போகிறது. அப்பாவின் செலவில் உங்கள் பங்கு பூஜ்யம். ரசீதில் உங்கள் பெயர் இருந்தாலும், அந்தக் காணிக்கையைச் செலுத்துவது நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் உங்கள் அக்கா.

இதையே ஆண்டவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். மாற்கு 7-ஆம் அதிகாரம். தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டியதை, "இது கொர்பான், தேவனுக்குக் காணிக்கையாகக் கொடுத்தாயிற்று" என்று சொல்லிக் கைகழுவிய பக்திமான்கள் அன்றும் இருந்தார்கள். தேவவசனத்தை உங்கள் பாரம்பரியத்தினால் அவமாக்குகிறீர்கள் என்றார். அவரிடம் திட்டு வாங்கியவர்கள் காணிக்கை கொடுக்காதவர்கள் அல்ல, ஒழுங்காகக் கொடுத்தவர்கள்.

மல்கியா 3-ஐ உங்கள் மனைவி எட்டாம் வசனத்திலிருந்து தொடங்குகிறார். பலரும் அப்படித்தான், பிரசங்கங்களும் அங்கேதான் தொடங்குகின்றன. ஐந்தாம் வசனத்துக்கு ஏறச் சொல்லுங்கள். கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகத் தாமே சாட்சியாக நிற்பேன் என்கிறார் கர்த்தர். தசமபாகம் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்ற வசனம் அதற்குப் பிறகு வருகிறது. உபாகமம் 14-ஆம் அதிகாரத்திலோ, மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் ஆலய ஊழியம் செய்யும் லேவியனுக்கு மட்டும் அல்ல. பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து புசித்துத் திருப்தியாக வேண்டும்.

பொருத்தனை கொஞ்சம் கனமான விஷயம். பண்ணிவிட்டுச் செலுத்தாமல் இருப்பதைவிடப் பண்ணாமல் இருப்பதே நல்லது என்று வேதத்தில் பிரசங்கி சொல்கிறான். அதை நான் லேசாக்க மாட்டேன். ஆனால் லேவியராகமம் 27:8-ஐப் பாருங்கள். பொருத்தனை பண்ணியவன் செலுத்த முடியாத தரித்திரனாக இருந்தால், அவன் ஆசாரியனுக்கு முன்பாக வந்து நிற்க வேண்டும். ஆசாரியன் அவனுடைய திராணிக்கு ஏற்றபடி மதிப்பிட வேண்டும். அதாவது தொகையைக் குறைப்பதற்குக் கர்த்தரே வழி வைத்திருக்கிறார். ஆகவே போதகரிடம் போங்கள். அப்பாவின் மருந்துச் சீட்டையும் எடுத்துப் போங்கள். இத்தனை மாதம் நிறுத்திவைக்கிறேன், பிறகு மாதம் இவ்வளவுதான் முடியும் என்று சொல்லுங்கள். அவர் நல்ல மேய்ப்பராக இருந்தால் அன்றைக்கே அப்பாவைப் பார்க்க வருவார். முகம் சுளித்தால், ஏழை விதவை இரண்டு காசு போட்ட கதைக்கு முந்தின வசனத்தை அவரே மறுபடி வாசித்துக்கொள்ளட்டும். விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைப் பற்றி ஆண்டவர் பேசியது அங்கேதான்.

ஆராதனை முடிந்ததும் காணிக்கை எண்ணும் மேசைக்கு என்னைக் கூப்பிடுவார்கள், பழைய காசாளர் என்று. உறைகளில் சலவை நோட்டு இருக்கும். பையில் விழுந்ததைக் கொட்டினால், எட்டாக மடித்த பத்து ரூபாய் நோட்டு, வியர்வையில் நனைந்து காய்ந்து விறைத்துப்போனது, இன்னொரு நோட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். நகத்தால் மெல்லப் பிரிக்காவிட்டால் கிழிந்துவிடும். எந்த நோட்டு யாருடைய மருந்துக் காசு என்று மேசையில் தெரிவதில்லை. வீட்டில் தெரியும்.

ஒன்றை மட்டும் கேட்டுவிடுகிறேன். வண்டித் தவணை, செல்போன் தவணை ஏதாவது ஓடுகிறதா? இருந்தால் தசமபாகத்துக்கு முன் அதில் கை வையுங்கள். ஆலயத்துக்குக் கொடுப்பதைக் குறைக்க எல்லோருக்கும் ஒரு காரணம் கிடைக்கும். உங்களுடையது நல்ல காரணம், அதைக் கறைப்படுத்த வேண்டாம். அடுத்த சம்பளத்தில் முதல் தொகையை அக்கா கையில் கொடுங்கள். அதையும் கூடத்தில் நாலு பேர் பார்க்கக் கொடுக்காதீர்கள்.

இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் செவிலியர் நான். வேதத்தைத் திறந்தாலே தூங்கிவிடுகிறேன். குற்ற உணர்வாக இருக்கிறது.
– ஒரு வாசகி, போரூர்

எலியா தீர்க்கதரிசி களைத்துப்போய்ச் சூரைச்செடியின் கீழ் விழுந்து தூங்கினான். தேவதூதன் வந்து தட்டி எழுப்பி, "ஜெபம் பண்ணு" என்று சொல்லவில்லை; "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டவன் மறுபடி படுத்துக்கொண்டான், தூதன் மறுபடி சாப்பாட்டோடு வந்தான். துரோவாவிலோ பவுல் நடுராத்திரிவரை பிரசங்கம் பண்ண, ஐத்திகு தூங்கி மூன்றாம் தளத்து ஜன்னலிலிருந்தே விழுந்துவிட்டான். பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார், கண்டிக்கவில்லை. (நீளமாகப் பேசியது தாம்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.)

இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். மாலையில் எழுந்ததும் வாசியுங்கள்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருஷத்துக்கான வாக்குறுதி வசனமாக எங்களுக்கு வந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினோம். மகன் பொறியியல் முடித்து இரண்டாண்டாக வேலை இல்லை. அந்த அட்டையின் கீழே அவனை நிறுத்தித்தான் ஒவ்வோர் இரவும் ஜெபிக்கிறோம். வருஷமே முடியப்போகிறது. வசனம் ஏன் நிறைவேறவில்லை?
– ஒரு தகப்பன், பெரம்பூர்

"அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது அருமையான வசனம்தான். அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. கி.மு. 597-இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதம். ஒரு வசனம் முன்னால் போனால் எழுபது வருஷம் என்று தவணை இருக்கிறது. வாசித்தவர்களில் பலர் பாபிலோனிலேயே கண்மூடியிருப்பார்கள். "இரண்டே வருஷம், எல்லாம் திரும்பி வந்துவிடும்" என்று சொன்னவன் ஒருவன் இருந்தான், பெயர் அனனியா. அவனுடைய வார்த்தைதான் ஜனங்களுக்கு இனித்திருக்கும். அவன் கள்ளத் தீர்க்கதரிசி.

அதுவரை என்ன செய்வது என்பதையும் அந்தக் கடிதமே சொல்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். அட்டையில் இதற்கெல்லாம் இடமில்லை.

நீங்கள் எழுதியதில் என்னை உறுத்தியது மகன் நிற்கும் இடம்தான். தினமும் ஒரு வசனத்தின் கீழே நின்று, அது நிறைவேறாததற்குத் தானே சாட்சியாக இருக்கிறான். "ஆமென்" சொல்லும்போது அவன் முகத்தை ஒரு நாள் பாருங்கள். அவன் படிப்புக்குக் குறைவான வேலை ஏதாவது வந்து, "கர்த்தர் இதைவிடப் பெரியதை வைத்திருக்கிறார்" என்று நீங்கள் தடுத்ததுண்டா? தடுத்திருந்தால் இனி வழிவிடுங்கள். அட்டை அங்கேயே இருக்கட்டும். அவனை மட்டும் அதன் கீழே நிறுத்தாதீர்கள்.

பக்கத்து வீட்டு மாமி நவராத்திரி ஒன்பது நாளும் சுண்டல் கொடுத்து அனுப்புகிறார். சிரித்துக்கொண்டே வாங்கி, பிறகு குப்பையில் போட்டுவிடுகிறேன். படைத்ததைச் சாப்பிடலாமா, கூடாதா?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

கொரிந்து சபையில் இதே கேள்வி எழுந்து பவுல் பக்கம் பக்கமாக எழுதினார். கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு, விருந்துக்குக் கூப்பிட்டால் போய் வைத்ததைச் சாப்பிடு என்கிறார். உடனே அடுத்த வசனத்தில், இது படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால், சொன்னவனுடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்கிறார். அந்த வசனத்தை மறைத்துவிட்டு உங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. சபைக்குச் சபை இதில் வழக்கம் மாறும். எனக்குச் சுண்டல் உறுத்தாது. என் தங்கை தொடமாட்டாள். இருவரும் ஒரே பந்தியில்தான் திருவிருந்து எடுக்கிறோம்.

உங்கள் மனச்சாட்சி இடம் கொடுக்காவிட்டால் மாமியிடமே சொல்லுங்கள்: "படைக்கும் முன் ஒரு கிண்ணம் எடுத்துவைத்தால் சந்தோஷமாகச் சாப்பிடுவேன்." மயிலாப்பூரில் இத்தனை காலம் குடியிருப்பவருக்கு இது புரியாத பேச்சு அல்ல. குப்பைத் தொட்டிக்கு மட்டும் பவுலின் நிருபத்தில் வசனம் கிடையாது. அந்தக் கடலையைக் காலையிலேயே ஊறவைத்து, வேகவைத்து, தேங்காய் துருவிப் போட்டு, மூட்டு வலியோடு உங்கள் வாசல்வரை வந்து கொடுக்கிறார் ஒரு பெரியவர். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பும் கேக்கில் முட்டை இருக்கிறதா என்று அவர் கேட்டால், உண்மையைச் சொல்லிவிடுங்கள்.