வைத்தியர் தங்குவதற்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் பிரதேச வைத்தியசாலைக்கு வரும் வைத்தியர்கள் ஆறேழு மாதங்களுக்கு மேல் நிற்பதில்லை. தாதியரும் வந்த நாளிலிருந்தே இடமாற்றம் கேட்கிறார்கள். கடைவீதி வர்த்தகர்களும் வெளிநாட்டில் உள்ள எம்மவர்களும் மாதாமாதம் பணம் தர முன்வந்துள்ளனர். ஒரு வைத்தியர் இங்கே தங்கி வேலை செய்ய, மேலதிகமாக எவ்வளவு கொடுத்தால் போதும்? (மஸ்கெலியாப் பகுதியைச் சேர்ந்த வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவொன்றின் செயலாளர்)

பதில்: வைத்தியரின் கையில் பணமாக எதையும் கொடுக்காதீர்கள். அரச சம்பளம் பெறும் ஒருவர் தம் கடமைக்காக வெளியாரிடம் பணம் பெறுவதை, அரச ஊழியர்களுக்கான விதிகளின் தொகுப்பான தாபன விதிக்கோவை அனுமதிப்பதில்லை. நீங்கள் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் உறை, நாளை அவர்மீது இலஞ்ச முறைப்பாடாகவே திரும்பக்கூடும். இன்னொரு சிக்கலும் உண்டு. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வைத்தியர்களின் டீ.ஏ.டி. கொடுப்பனவை (இடையூறு, தயார்நிலை, போக்குவரத்து ஆகியவற்றுக்கான மேலதிகக் கொடுப்பனவு) 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக உயர்த்த அரசாங்கம் எடுத்த முடிவு, ஏனைய சுகாதார ஊழியர்களின் தொழிற்சங்கங்களை நாடு தழுவிய வேலைநிறுத்தத்துக்கே கொண்டுசென்றது. பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சிறிய வைத்தியசாலையில் ஒருவருக்கு மட்டும் உறை போனால், மருந்து கட்டும் தாதிக்கும் இரவுக் காவலாளிக்கும் அது தெரியாமல் இருக்காது.

அப்படியானால் பணம் ஒரு காரணமே இல்லையா என்று கேட்பீர்கள். நிச்சயமாக ஒரு காரணந்தான். ஆனால் நாம் நினைக்கும் இடத்தில் அது இல்லை. அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்குப் பின் தனியார் மருத்துவம் செய்ய 1977 முதல் அனுமதி உண்டு. கண்டியிலோ கம்பஹாவிலோ கடமையாற்றுபவர் மாலையில் ஒரு கிளினிக்கில் அமர்ந்து சம்பளத்துக்கு மேல் உழைத்துக்கொள்கிறார். தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கிடைக்கும் நாட்கூலியில் குடும்பம் நடத்தும் மக்களிடையே பணியாற்றுபவருக்கு அந்த மாலை வருமானம் கிடையாது. சம்பளப் பட்டியலில் இருவருக்கும் ஒரே தொகை எழுதப்பட்டிருந்தாலும், மலைக்கு வருபவர் ஒரு வருமானத்தை விட்டுவிட்டே வருகிறார். இந்த இடைவெளியை ஊர்ப்பணத்தால் நிரப்ப இயலாது. பின்தங்கிய நிலையங்களுக்கெனத் தனிக் கொடுப்பனவு வேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதான். அதைக் கொழும்பில், பாராளுமன்ற உறுப்பினர்கள் ஊடாக எழுப்புங்கள்.

உங்கள் குழுவின் கைக்கு எட்டக்கூடியது விடுதி. நான் மலையகத்தில் கடமையாற்றிய காலத்தில், சிறிய வைத்தியசாலையொன்றிலிருந்து இடமாற்றம் கேட்டு வந்த இளம் வைத்தியை ஒருவரிடம் காரணம் கேட்டேன். சம்பளத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. விடுதியின் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றும், மழைக்காலத்தில் கட்டில்வரை ஈரம் ஏறுகிறது என்றும், மூன்று கடிதம் எழுதியும் பதில் வரவில்லை என்றும் சொன்னார். தச்சர் ஒருவர் அரை நாளில் முடிக்கக்கூடிய வேலை அது. முடித்தும் கொடுத்தோம், ஆனால் அதற்குள் அவருடைய இடமாற்றக் கடிதம் வந்துவிட்டது.

ஆகவே சேரும் பணத்தை முதலில் கூரைக்கும் கதவுகளுக்கும் வெந்நீருக்கும் தடையில்லா இணையத்துக்கும் செலவிடுங்கள். இணையம் ஆடம்பரம் அல்ல. உள்ளகப் பயிற்சி முடித்து வரும் வைத்தியர்களில் பலர் பட்டப்பின் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள், மலையில் இருந்தால் படிப்பில் பின்தங்கிவிடுவோம் என்ற அச்சமே அவர்களைத் துரத்துகிறது. கட்டடம் அரச சொத்து என்பதால், எதைத் திருத்துவதாயினும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் எழுத்துமூல அனுமதியைப் பெற்று, பற்றுச்சீட்டுகளைக் குழுவின் கோவையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனிமை இதைவிடக் கடினமானது. ஒரே வைத்தியர் உள்ள இடத்தில் அவருக்கு இரவும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. உங்கள் வைத்தியசாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, அதில் வெற்றிடம் எத்தனை என்று முதலில் எழுதிக் கேளுங்கள். இரண்டு இடம் இருந்தும் ஒருவரே இருக்கிறார் என்றால், பதிலாள் வராமல் எவரையும் விடுவிக்க வேண்டாம் என்று வருடாந்த இடமாற்றப் பட்டியல் வெளியாகும் முன்பே கேளுங்கள். ஓர் இடம்தான் உண்டு என்றால், பக்கத்து வைத்தியசாலையோடு விடுமுறை நாட்களை மாறிமாறிப் பகிரும் ஒழுங்கைக் கேளுங்கள். அதற்கு வாகனமும் எரிபொருளும் தேவைப்பட்டால், அங்கே உங்கள் பணம் உதவும்.

மொழியையும் சொல்ல வேண்டும். சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியரும் தமிழ் மட்டும் தெரிந்த தாயும் எதிரெதிரே அமரும்போது இருவரும் களைத்துப்போகிறார்கள். காலையில் வெளிநோயாளர் பகுதியில் இருமொழியும் தெரிந்த ஒருவரை நிறுத்துவது, நீங்கள் செய்யக்கூடிய மிக மலிவான ஊக்குவிப்பு.

நீண்டகாலத்தில் ஆட்களை நிலைநிறுத்தும் வழி வேறு. கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர்களே கிராமத்தில் அதிகம் தங்குகிறார்கள் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2010இலும் 2021இலும் வெளியிட்ட பரிந்துரைகளில் முன்வரிசையில் வைத்தது. ஜப்பானில் 1972இல் தொடங்கிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் இரண்டு மூன்று மாணவர்களைத் தெரிந்தெடுத்து, ஒன்பது ஆண்டுகள் சொந்த மாகாணத்தில் பணியாற்றினால் படிப்புச் செலவைத் தள்ளுபடி செய்கிறது. நம்மிடம் அப்படியொரு திட்டம் இல்லாவிட்டாலும், பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு உண்டு. நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டங்களுக்கான மேலதிக ஒதுக்கீட்டிலும் அடங்குகின்றன. ஆனால் தோட்டப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லையென்றால், அந்த இடங்கள் நகரப் பாடசாலைப் பிள்ளைகளுக்கே போகும். அதனால் உங்கள் நிதியில் ஒரு பங்கை இரசாயனவியல், உயிரியல் வகுப்புகளுக்கும், ஹட்டனில் தங்கிப் படிக்கும் பெண் பிள்ளைகளின் விடுதிக் கட்டணத்துக்கும் ஒதுக்குங்கள்.

வைத்தியரையே இலக்காக வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. தகுதி வரிசைப்படி நியமனம் பெறும் வைத்தியர் எங்கே அனுப்பப்படுவார் என்பது உங்கள் கையில் இல்லை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்த ஒரு பெண் தாதியாகவோ குடும்ப நல உத்தியோகத்தராகவோ (மருத்துவிச்சியாகவோ) பயிற்சி பெற்றால், ஊருக்கு அருகில் இடம் கேட்பதற்கு அவருக்குக் காரணங்கள் உண்டு: தாய் இங்கே இருக்கிறார், மொழி இங்கே இருக்கிறது. வீடுவீடாகச் சென்று கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்கும் அந்த ஒருவர் இருபது ஆண்டுகள் நின்றால், அடிக்கடி மாறும் ஐந்து வைத்தியர்களைவிட உங்கள் தோட்டங்களுக்கு அதிக பயன் உண்டு. உதவித்தொகை கொடுக்கும்போது ஒப்பந்தம், பிணை என்று பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்காதீர்கள். உங்கள் குழுவால் அதை நிறைவேற்றவும் முடியாது, குடும்பங்களோடு மனக்கசப்பே மிஞ்சும்.

இப்போது இருக்கும் வைத்தியரைப் பத்து ஆண்டுகள் பிடித்துவைக்க முயலாதீர்கள். பிள்ளைகள் பாடசாலை வயதை அடையும்போது அவர் போகத்தான் செய்வார். ஒருவர் இரண்டு ஆண்டுகள் முழுமையாக நிற்பதும், அவர் புறப்படும் முன் அடுத்தவர் வந்து பொறுப்பேற்பதும் எட்டக்கூடிய இலக்கு. அடுத்த குழுக் கூட்டத்துக்கு அவரையே அழைத்து, விடுதியில் என்னென்ன பழுது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.